கொலுப் பெட்டிக்குள் ஒரு ராணி

எண்பதைத் தாண்டிய நம் கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். நடுவில் புகுந்து கேள்வி மட்டும் கேட்கக் கூடாது.

போன மாதம் மாடி வீட்டுப் பெண் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினாள். வேளச்சேரியில் இந்த அடுக்குமாடிக்கு வந்த நாளாக எனக்கு அவள்தான் பேச்சுத் துணை. பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் பஞ்சு. பஞ்சின் பக்கத்தில் ஒரு பெரிய எறும்பு. “மாமி, இது ராணி எறும்பு. மழை பெஞ்ச அன்னிக்கு பார்க்கிங்ல பிடிச்சேன். இதை வளர்க்கிறது ஒரு ஹாபி. உங்க காலத்துல இதெல்லாம் இருந்திருக்காது” என்றாள்.

இருந்திருக்காதாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கொஞ்சம் கலங்கியது. அவளுக்குக் காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். தபால்தலை சேர்த்தவர்கள், தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்கள், சோழி சேர்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நான் ராணி எறும்பு வளர்த்தேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்குள் இருக்கும் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஓடியவர்கள் எல்லாம் திரும்பி வந்து, மயிலாப்பூர் மறுபடியும் மயிலாப்பூராக ஆகியிருந்தது. அப்பா பட்டாள ஆபீஸ் வேலையாகப் பூனாவில் இருந்தார். நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டில். எனக்கு ஒன்பது வயது. பெரியப்பா ஹைகோர்ட்டில் வக்கீல். அவர் இருமினால் வீடு நிமிர்ந்து உட்காரும். பெரியம்மாவுக்கு மடி, ஆசாரம், சாவிக்கொத்து. அவர்கள் பிள்ளை, எனக்கு அண்ணா, காலேஜில் சேர்ந்த கர்வத்தில் இருந்தான்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. இப்போது போல விரலைக் குத்திப் பார்க்கிற மிஷின் ஏது? காலையில் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் அவருடைய சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை என்று அர்த்தம், அன்றைக்கு எல்லோருக்கும் நல்ல நாள். பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் பெரியம்மா சமையலுள்ளுக்குள் போய் ஒளிந்துகொள்வாள். செங்கல் சிவப்பு வந்துவிட்டால் நானும் அண்ணாவும் பின்கட்டை விட்டு வெளியே வரவே மாட்டோம். ஸ்பிரிட் விளக்கின் அந்த வாசனை இன்றைக்கும் ஏதாவது ஆஸ்பத்திரியில் அடித்தால் என் முதுகு தானாக நிமிர்கிறது.

குழாய் இரண்டு இருந்தது. பின்னால் கிணற்றடியில் அதைக் கழுவிக் காயவைப்பது வேலைக்காரம்மாவின் பொறுப்பு. வேலைக்காரம்மா என்று இப்போது எழுதுகிறேன். அப்போது என் அம்மாவை விட நாலைந்து வயது பெரியவளான அவளை நண்டு சிண்டெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டோம், ‘நீ’ என்றோம். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. கால்வாய்க் கரையில் குடிசை. புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். நாலு வீட்டுக்கும் எங்கள் பெரியம்மாவின் வார்த்தைதான் வேதவாக்கு.

அந்த வருஷம் ஆடியில் ஒரு சாயங்காலம் கொட்டு கொட்டென்று மழை கொட்டி நின்றது. மண்ணிலிருந்து புகை மாதிரி பூச்சிகள் கிளம்பின. கூடத்து விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. அம்மா விளக்குக்குக் கீழே தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தாள். நான் கிணற்றடிப் பக்கம் போனேன். துவைக்கிற கல்லின் மேல் ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். கறுப்பு. என் சுண்டுவிரல் நகத்தை விட நீளம். முதுகில் சிறகு. பக்கத்தில் அதே மாதிரி சிறகோடு இன்னொன்று, ஆனால் மெலிசு, தலை சின்னது. இரண்டையும் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

அண்ணா பார்த்துவிட்டு, “ஈசல்டி இது. இதைப் போய்ப் பிடிச்சு வெச்சிருக்கே, அசடு” என்றான்.

“ஈசலுக்கு இடுப்பே கிடையாது. இதுக்கு இருக்கு பாரு” என்றேன். தாம்பாளத்திலிருந்து ஒரு ஈசலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஈசலுக்கு நாலு சிறகும் ஒரே அளவு. உடம்பு தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே பருமன். இதற்கு முன் சிறகு பெரிசு, பின் சிறகு சின்னது. நடுவில் நூலாக இடுப்பு. மீசை முழங்கை மடக்கின மாதிரி வளைந்திருந்தது. “கட்டெறும்புக்கும் இப்படித்தான் மீசை இருக்கு. பள்ளிக்கூடத்துல தேனீப் பாடத்துல ராணித் தேனீ வரதோல்லியோ? எறும்புக்கும் ராணி உண்டுன்னு டீச்சர் சொன்னா” என்றேன்.

“ரெண்டு இருக்கே. ரெண்டும் ராணியா?” என்று மடக்கினான். மறுநாள் காலையில் டம்ளருக்குள் மெலிசானது செத்துக் கிடந்தது. பெரியவள் தன் பின்னங்காலால் தன் சிறகைத் தானே ஒடித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆண் செத்துப்போகும், ராணி சிறகை உதிர்க்கும். டீச்சர் தேனீப் பாடத்தோடு போகிற போக்கில் சொன்னது கண் முன்னால் நடந்திருந்தது. அண்ணா தோற்றுப் போனதை ஒப்புக்கொள்ளவில்லை. “இருந்துட்டுப் போகட்டும், யாருக்கு வேணும்” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு அதன் ஞாபகமே இல்லை.

ராணியை வைக்க இடம் வேண்டும். டம்ளரில் வைத்தால் பெரியம்மா கேட்பாள். வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடியாக இருக்க வேண்டும், ஆனால் இருட்டில் ஒளித்து வைக்கவும் வேண்டும். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் பெரியப்பாவின் குழாய் ஒன்று கழுவிக் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்தேன். அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை. அடியில் ஈரப் பஞ்சு, நடுவில் ராணி, வாயில் காய்ந்த பஞ்சு.

சாமான் உள்ளில் ஒரு பெரிய மரப்பெட்டி இருந்தது. கொலு பொம்மைகள் வைக்கோலிலும் பழைய வேஷ்டித் துணியிலும் சுற்றி அதற்குள் தூங்கும். பூட்டு உடைந்த பெட்டி. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் திறப்பார்கள். செட்டியார் பொம்மையின் தொந்திக்குப் பக்கத்தில் வைக்கோலில் குழாயைப் படுக்க வைத்தேன். அந்த ஒரு நாள் எப்போது வரும் என்று ஒன்பது வயசு மூளை கணக்குப் போடவில்லை.

மறுநாள் வீடு ரெண்டுபட்டது. குழாய் எங்கே? பெரியம்மா கிணற்றடிக்குப் போய்க் கத்தினாள். “உடைச்சுட்டு எங்கேயோ தூக்கிப் போட்டுட்டே. இல்லேன்னா எடுத்துண்டு போயிட்டே. உண்மையைச் சொல்லு.”

“நான் ஏம்மா அத்த எடுக்கப் போறேன்? அத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? கவுத்தித்தாம்மா வெச்சேன்” என்றாள் வேலைக்காரம்மா.

அண்ணா சைக்கிளில் மௌன்ட் ரோடு, தியாகராய நகர் என்று கடை கடையாக அலைந்து வெறுங்கையோடு வந்தான். சீமைக் கண்ணாடி கப்பலில் வரவில்லையாம். பெரியம்மா வேலைக்காரம்மாவின் வேலையைப் பிடுங்கவில்லை, ஆள் கிடைப்பது அப்போது கஷ்டம். ஆனால் புதிதாக ஒரு வழக்கத்தைக் கொண்டு வந்தாள். வேலைக்காரம்மா வேலை முடித்துப் போகும்போது கொல்லைக் கதவண்டை நின்று, புடவை மடியை அவிழ்த்து, பெரியம்மாவுக்கு எதிரே உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தினமும். இரண்டு வேளையும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு, அவள் மடியை உதறுவதையும், வெற்றிலையும் பாக்கும் கீழே விழுவதையும், அவள் குனிந்து பொறுக்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பெரியப்பாவின் செங்கல் சிவப்புக் கோபத்தை நினைத்தால் தூணை இன்னும் இறுக்கிக்கொள்வேன். இந்த எழுபது சொச்ச வருஷத்தில் நான் செய்த தப்புகளில் எதை நினைத்தால் இன்னும் முகம் சுடுகிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சரி, ராணிக்கு வருகிறேன். நாலாம் நாள் குழாய்க்குள் முட்டை. கடுகைவிடச் சின்னது, வெள்ளை, ஏழு. அவற்றை ஒரே குவியலாக வைத்துக்கொண்டு எந்நேரமும் நக்கிக்கொண்டே இருந்தாள். நான் சர்க்கரை வைத்தேன், தொடவில்லை. ரேஷன் சர்க்கரை, நினைவிருக்கிறதல்லவா? என் பாலுக்கு அம்மா போடுகிற அரைக் கரண்டியை வேண்டாம் என்று சொல்லி, கையில் வாங்கி ஒளித்துக் கொண்டுபோய் வைப்பேன். ராணி அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் அவள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. பறப்பதற்கு உடம்பில் வைத்திருந்த தசையைக் கரைத்துத்தான் பிள்ளைகளுக்கு ஊட்டுவாளாம். மாடி வீட்டுப் பெண் இப்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது, என் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

முட்டை புழுவாயிற்று. புழு கூடு கட்டிக்கொண்டது, ரவா உருண்டை நிறத்தில். ஆவணி கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டியைத் திறந்தால், குழாய்க்குள் ஐந்து குட்டிக் கட்டெறும்பு! அம்மாவில் கால்வாசிகூட இல்லை. தள்ளாடித் தள்ளாடி நடந்தன. நான் பெட்டியருகில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன். அன்றைக்கு என்னைப்போல் சந்தோஷமாக மயிலாப்பூரில் யாரும் இருந்திருக்க முடியாது.

இனிமேல்தான் தப்பு. குட்டிகள் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தன. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, ஈர்க்குச்சி நுனியில் எல்லாம் கொடுத்தேன். அரிசி மாவு, தேங்காய்த் துருவல், வேகவைத்த பருப்பு, ஒரு நாள் கபாலி கோயில் சர்க்கரைப் பொங்கல், இன்னொரு நாள் தயிர் சாதம். ராணி மறுபடி முட்டை வைத்தாள். புழு வந்தது. ஆனால் புழு பெருக்கவில்லை. வதங்கி, பழுப்பாகி, ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. ஐந்து குட்டிகளில் ஒன்று செத்தது. ராணி ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்துவிட்டாள்.

தெருவில் கட்டெறும்பு கரப்பான்பூச்சியை இழுத்துக்கொண்டு போவதை நான் பார்த்ததில்லையா? ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அண்ணாவிடம் ஜாடையாகக் கேட்கக்கூடக் கேட்டேன். “கட்டெறும்பு பூச்சியைத் தின்னுமாண்ணா?”

“தெருவுல திரியறது தின்னும். நம்மாத்துல பொறந்து வளர்ந்தது தின்னுமா? போடி” என்றான்.

கேலிக்குச் சொன்னான். நான் அப்படியே நம்பிவிட்டேன். நம்மாத்து எறும்பு! முட்டையிலிருந்து நம் கொலுப் பெட்டியில், நம் பொங்கலையும் தயிர் சாதத்தையும் சாப்பிட்டு வளர்ந்த எறும்பு எப்படி மாமிசம் தொடும்? அதை நினைக்கவே பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் பிறந்த பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

புரட்டாசி பிறந்தது. ஒரு நாள் திறந்து பார்க்கிறேன், புழு இரண்டு கொழுகொழுவென்று இருந்தது. மறுநாள் நாலு. ராணி நடுவில் வந்து உட்கார்ந்திருந்தாள். பஞ்சுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஏதோ ஒரு துணுக்கு. அதை நான் வைக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன். சாந்தோம் கடற்கரையில் மீன்காரர்கள் காயப்போடுகிற மணலைத் தாண்டும்போது அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாளே, அந்த நாற்றம்.

கிணற்றடியில் வேலைக்காரம்மா சாம்பல் போட்டு வெண்கலப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். நிமிராமலே சொன்னாள். “இன்னா பாப்பா, கண்டுக்கினியா? கருவாடுதான். நெத்திலி. தலயக் கிள்ளிப் போட்டுட்டு ஒடம்பத்தான் வெச்சேன்.”

நான் அவள் பக்கத்தில் குந்தினேன். “எப்போலேர்ந்து உனக்குத் தெரியும்?”

“தொடப்பம் எடுக்க அந்த ரூமுக்குப் போறவ நானு. மூணாம் நாளே தெரியும். நீ ஸ்கூலுக்குப் போனப்பறம் நானும் தெறந்து பாப்பேன். ஒண்டியா கெடந்து அத்தினி புள்ளய காப்பாத்துது பாரேன், எனக்குப் பாக்கப் பாக்க ஆசயா கீது. நீ இன்னாடான்னா பொங்கலக் குடுத்து சாவடிக்கிறே. வளர்ற புள்ளைக்கு கவுச்சி வாணாமா?”

“மூணாம் நாளே தெரியுமா? அப்போ ஏன் பெரியம்மா கிட்ட சொல்லலை? தினமும் மடியை உதறிண்டு…” அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

“சொன்னா உன்ன அடிப்பாங்கோ. அத்தயும் தூக்கிக் கெடாசிடுவாங்கோ. அயுவாத, கண்ணத் தொட. போம்போது தானே ஒதறச் சொல்றாங்கோ? வரும்போது மடில இன்னா கீதுன்னு கேக்கலியே” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் இருக்கிறதே, அதுதான் என் சின்ன வயசிலேயே மிகவும் சந்தோஷமான நாட்கள். ஒரு பொழுதுபோக்குக்குக் கூட்டாளி கிடைப்பது எப்படிப்பட்ட பாக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் அவள் பார்த்ததை மத்தியானம் என்னிடம் சொல்வாள். சாயங்காலம் நான் பார்த்ததை அவளிடம் சொல்வேன். “கூடு ஒண்ணு வெடிச்சிட்ச்சி பாப்பா.” “இன்னிக்கு எண்ணினேன், பதினொண்ணு.” பெரியம்மா இந்தப் பக்கம் வந்தால் நான் புளியை உருட்டுவேன், அவள் பானையைத் தட்டுவாள். ஆனால் வேளை வந்ததும் மடியை உதறத்தான் செய்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மகாளய அமாவாசை வந்தது. காலையில் பெரியப்பா தர்ப்பணம் செய்தார். வாசலில் கோலம் கிடையாது, வீடு முழுக்க எள் வாசனை. சாப்பாடு ஆனதும் பெரியம்மா, “இன்னிக்கே பொம்மை பெட்டியை இறக்கிடலாம், நாளைக்குக் கொலு” என்று சொன்னது என் காதில் விழுந்தபோது அண்ணா ஏற்கெனவே பெட்டியைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மூடியைத் திறந்ததும் பெரியம்மா பின்வாங்கினாள். “என்னடா இது நாத்தம்? எலி செத்துக் கெடக்கா?”

அண்ணா வைக்கோலைக் கிளறினான். “அம்மா! அப்பாவோட டியூப்! உள்ளே எறும்பு!” பிறகு மூக்கைச் சுளித்தான். “இது கருவாட்டு நாத்தம்மா.”

“உனக்கு எப்படிடா தெரியும்?” என்றாள் என் அம்மா.

“சாந்தோம்ல சைக்கிள்ல போறச்சே அடிக்குமே சித்தி” என்று அவன் அவசரமாகச் சொன்னான். வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

பெரியம்மாவுக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. “கொலுப் பெட்டியிலே கருவாடு! மகாளய அமாவாசை அதுவுமா! பிதுர்க்கள் வந்துட்டுப் போற நாள்! அவளைக் கூப்பிடு. அவளைத் தவிர யார் இந்த வேலை பண்ணுவா? டியூபையும் அவதான் திருடி இதுல ஒளிச்சு வெச்சிருக்கா. இன்னியோட இந்தத் தெருவுல ஒரு ஆத்துலயும் அவளைச் சேக்கப் படாது.”

வேலைக்காரம்மா கொல்லைக் கதவண்டை வந்து நின்றாள். கையெல்லாம் சாம்பல். பெட்டியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டினாள். பேசாதே என்று அர்த்தம். நாலு வீடும் போய்விட்டால் அந்தக் குடிசையில் மூன்று பேர் என்ன சாப்பிடுவார்கள் என்பது எனக்குக்கூடத் தெரியும். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தான் வெச்சேன்” என்றேன்.

அதே நேரத்தில், “நான்தாம்மா வெச்சேன்” என்று அவளும் சொன்னாள்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். “கருவாட்டுக்கு நீ எங்கேடி போனே?”

“பீச்சுல பொறுக்கிண்டு வந்தேன்.” பீச்சுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

“பொய் சொல்லுது கொயந்த. நான்தான் மடில முடிஞ்சாந்தேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

“இல்லே, நான்தான். டியூபை எடுத்ததும் நான்தான். அவ உடைக்கவும் இல்லே, எடுக்கவும் இல்லே. நான்தான், நான்தான்” என்று கத்தினேன். இரண்டு மாதம் தொண்டையில் நின்றது எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது.

சத்தம் கேட்டுப் பெரியப்பா அறையிலிருந்து வந்தார். அண்ணா கையிலிருந்து குழாயை வாங்கினார். முற்றத்து வெளிச்சத்துக்குப் போய், தினமும் காலையில் பிடிக்கிற மாதிரியே கண்ணுக்கு நேராகப் பிடித்து மெல்லத் திருப்பினார். நான் நீலமா சிவப்பா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எத்தனை?” என்றார்.

“ராணி, குட்டி, புழு, கூடு எல்லாம் சேர்த்துப் பதினெட்டு” என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெரியம்மா பக்கம் திரும்பினார். “டியூப் உடையலே. பாத்தியோல்லியோ?” பெரியம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஒரே குத்தத்தை ரெண்டு பேர் நான்தான் நான்தான்னு ஒத்துண்டா, ரெண்டு பேரையும் விட்டுடணும். சட்டம் அப்படித்தான் சொல்றது.”

“அப்படிக்கூட ஒரு சட்டமா?” என்றாள் பெரியம்மா.

“நான் வக்கீலா, நீ வக்கீலா? கருவாடு பட்ட டியூப் இனிமே எனக்கு ஆகாது. அதை அவாளே வெளியில கொண்டு போகட்டும்.” அறைக்குப் போகத் திரும்பியவர் நின்றார். “இன்னொண்ணு. நாளையிலேர்ந்து அவ மடியை உதறிக் காட்ட வேண்டாம்.”

வேலைக்காரம்மா குனிந்து நின்றாள். அவள் தோள் குலுங்கியதை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

பெட்டியை வெயிலில் போட்டு, வைக்கோலைக் கொளுத்தி, கூடத்தை மஞ்சள் தண்ணீரால் மூன்று முறை அலம்பி, என் தலையில் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகக் கொட்டி, பெரியம்மா தன் ஆத்திரத்தையெல்லாம் தீர்த்துக்கொண்டாள். சாயங்காலம் ஈரத் தலையோடு நானும் வேலைக்காரம்மாவும் கொல்லை முருங்கை மரத்தடிக்குப் போனோம். அவள் குச்சியால் வேருக்குப் பக்கத்தில் குழி பறித்தாள். பஞ்சை நான் எடுத்தேன். முதலில் குட்டிகள் வந்து மண்ணை முகர்ந்தன. கடைசியில் ராணி வந்தாள், நல்ல வாட்டசாட்டமாக, அவசரமே இல்லாமல். “போ தாயி, பொயச்சிக்கோ” என்றாள் வேலைக்காரம்மா. மடியிலிருந்து கடைசியாக ஒரு துணுக்கை எடுத்துக் குழிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

யுத்தம் முடிந்து அப்பா வந்து எங்களை அடையாறுக்கு அழைத்துப் போகும் வரைக்கும் அந்த மரத்தடியில் கட்டெறும்பு ஊர்ந்துகொண்டேதான் இருந்தது. கீரை பறிக்கப் போன அண்ணாவை ஒரு தடவை கடித்தது. எனக்குப் பரம சந்தோஷம். வேலைக்காரம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தாள். என் கல்யாணத்துக்கு வந்தாள். அவளை உள்ளே உட்கார்த்தி வைத்துச் சாப்பாடு போடத் தெரியாத ஜனங்களாகத்தான் அப்போதும் இருந்தோம், பந்தலுக்குப் பின்னால்தான் இலை போட்டார்கள். நான் மாலையும் கழுத்துமாகப் பின்னால் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “இன்னா பாப்பா, இனிமே பொங்கலே போட்டுச் சாவடிக்காதே” என்றாள். யாருக்கும் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

மாடி வீட்டுப் பெண்ணின் ராணிக்குப் போன வாரம் குஞ்சு பொரித்தது. என்ன கொடுப்பது என்று போனில் தேடிக்கொண்டிருந்தாள். “நெத்திலிக் கருவாடு வாங்கிக் கொடு. தலையைக் கிள்ளிடு” என்றேன். மாமி வாயிலிருந்து கருவாடா என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெரியப்பாவை நான் ரொம்ப நாள் வெறும் கோபக்காரர் என்றே நினைத்திருந்தேன். சட்டம் அவர் கையைக் கட்டிப்போட்டதால்தான் அன்றைக்கு எங்களை விட்டார் என்றும் நினைத்தேன். அவர் போய் எத்தனையோ வருஷம் கழித்து என் மகள் வக்கீலுக்குப் படித்து முடித்தாள். ஒரு நாள் சாதம் போட்டுக்கொண்டே கேட்டேன், ஒரே குற்றத்தை இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் இரண்டு பேரையும் விட்டுவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று.

“அப்படி ஒரு சட்டமே கிடையாதும்மா. யார் சொன்னா?”

“ஒரு பெரிய வக்கீல் சொன்னார்.”

“அவர் அந்தக் கேஸை ஜெயிச்சாரா?”

“ஜெயிச்சார்” என்றேன்.